பதிவுக்கு ஒரு முள்

வலைப்பதிவு தொடங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாவது மாதத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். முதல் பதிவில் "வணக்கம் நண்பர்களே" என்பார்கள், இரண்டாவதில் வேலைப்பளு என்று மன்னிப்புக் கேட்பார்கள், மூன்றாவது வராது. நான் ஆறு வருடம், வாரத்துக்கு ஒன்று வீதம், ஒரு வாரமும் விடாமல் எழுதினேன். மொத்தம் முந்நூற்றுப் பதினோரு பதிவுகள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஏதோ பொழுது போகாமல் விளையாடியதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள். நான் எதையும் விளையாட்டாகச் செய்கிறவன் அல்ல.

நடந்ததை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள் என்று தாள்களை நீட்டினீர்கள். நல்லது இன்ஸ்பெக்டர் மேடம். பேசுவதைவிட எழுதுவது எனக்கு வசதி. ஒரே ஒரு வேண்டுகோள், கடைசிவரை படியுங்கள். என் பதிவுகளின் அச்சுப் பிரதியை நேற்று நீங்கள் புரட்டிய விதத்தைப் பார்த்தேன். விரலில் எச்சில் தொட்டு நாலு நாலு பக்கமாகத் தள்ளினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனைக்கூட உதவியாளர் வேலை எனக்கு. பன்னிரண்டு தொட்டிகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குப்பி தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, நிறம் பார்த்து, எவ்வளவு குளோரின் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பலகையில் எழுத வேண்டும். கை பழகியவனுக்கு அரைமணி நேர வேலை. மீதி நேரத்தில் மற்றவர்கள் செல்போனைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். நான் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். வகுப்புக்குப் போகவில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வாய்த்திருந்தால் இரண்டே நாளில் அவருடைய சாயம் வெளுத்திருக்கும். அன்றன்று புரிந்ததை இன்னொருவருக்கு விளக்குவதுபோல எழுதிப் பார்த்தால், நமக்கு எங்கே புரியவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்குத்தான் வலைப்பதிவு. சொந்தப் பெயர் போடவில்லை. 'தொட்டிக்காரன்' என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன புரிந்துவிடப்போகிறது.

முதல் வருடம் எனக்காகவே எழுதினேன். இரண்டாவது வருடம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இரண்டாயிரம் சொல்லில் ஒரு பதிவு போடுவேன். போட்ட ஒரு நிமிடத்தில் "அருமை, தொடருங்கள்" என்று பின்னூட்டம் வந்து நிற்கும். ஒரு நிமிடத்தில் தலைப்பைத்தான் படித்திருக்க முடியும், அதையும் எழுத்துக்கூட்டி. எதற்கெடுத்தாலும் "பயனுள்ள தகவல், நன்றி" என்று எழுதிவிட்டுப் போகிற ஒருவர் இருந்தார். அவருக்காகவே ஒரு நாள், நிரல் எதுவும் இல்லாமல், என் நாய் செத்துப்போனது என்று நாலு வரி எழுதினேன். "பயனுள்ள தகவல், நன்றி" என்று வந்தது. எனக்கு நாய் கிடையாது.

இவர்களாவது பரவாயில்லை. இன்னொரு கூட்டம் இருந்தது. என் பதிவில் நிரல் மேலே ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் இருக்கும், விளக்கம் அதன் கீழே பத்துப் பன்னிரண்டு பத்திகளில் போகும். இந்தக் கூட்டம் பெட்டியை மட்டும் வழித்துக்கொண்டு ஓடிவிடும். ஒரு கல்லூரிப் பக்கத்தில் என் நிரல் அப்படியே, நான் அவசரத்தில் விட்ட ஒரு காலி வரி உட்பட, வேறொருவருடைய பெயரில் இருந்ததைப் பார்த்தேன். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதுதான். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இரண்டு நாள் அடங்கவில்லை. மூன்றாவது நாள் அடங்கிவிட்டது. ஏனென்றால் என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு பதிவின் நிரலிலும் ஒரு முள் வைத்தேன். சின்னத் தவறு, பார்த்தால் தெரியாது. பத்தில் ஒன்பது தடவை நிரல் சரியாக வேலை செய்யும், பத்தாவது தடவை குத்தும். எங்கே முள் இருக்கிறது, அதை எப்படி எடுப்பது என்பதைக் கீழே விளக்கத்தில் தெளிவாக எழுதிவிடுவேன். இது ஏமாற்று வேலை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். படிக்கிறவனுக்கு நிரலும் கிடைக்கும், பாடமும் கிடைக்கும். நுனிப்புல் மேய்கிறவனுக்கு முள் கிடைக்கும். இதைவிட நியாயமான ஏற்பாட்டை நீங்கள் எங்கும் பார்க்க முடியாது.

பிறகு வந்த பின்னூட்டங்களை நான் தனியாக ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறேன், மனம் சோர்ந்தால் எடுத்துப் பார்ப்பேன். "சார் உங்க கோட் வேலை செய்யல, உடனே சரி பண்ணித் தரவும்." "நாளைக்கு சப்மிஷன், ப்ளீஸ் சார், அவசரம்." ஏதோ நான் அவர்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தவன் மாதிரி. எல்லோருக்கும் ஒரே பதில்தான் போடுவேன்: பதிவை முழுமையாகப் படிக்கவும். மறுபடி ஒருவரும் வந்ததில்லை.

ஒரே ஒருவர் மட்டும் முள்ளைக் கண்டுபிடித்தார். எங்கேயோ கணக்கு டீச்சராக இருக்கிற அம்மாள். மூன்று முள்ளைக் கண்டுபிடித்து மூன்று முறை எழுதினார். மூன்றாவது முறை, "தம்பி, இது நல்லதுக்கில்லை, யாராவது உண்மையான வேலைக்கு எடுத்து வச்சா என்ன ஆகும், எச்சரிக்கையை மேலே போடுங்க" என்று அறிவுரையும் சேர்த்திருந்தார். பின்னூட்டங்கள் என் அனுமதிக்குப் பிறகுதான் வெளியாகும். அவருடையதை வெளியிடவில்லை. விடையை அவர் போட்டு உடைத்துவிட்டால் மற்றவர்கள் எப்படிக் கற்றுக்கொள்வார்கள்.

அந்த மூன்றாவதுதான் நூற்றுப் பதினான்காம் பதிவு. நீங்கள் கேட்கிற பதிவு.

அது என் சொந்த வேலைக்காக எழுதிய நிரல். தொட்டியின் கொள்ளளவைக் கட்டத்தில் போட்டால் எவ்வளவு குளோரின் வேண்டும் என்று சொல்லும். ஒன்று முடிந்ததும் அடுத்த தொட்டிக்குப் போகும். கொள்ளளவைப் போடாமல் கட்டத்தைக் காலியாக விட்டால், ஒழுங்கான நிரல் அங்கேயே நின்று அளவைக் கேட்க வேண்டும். பெட்டிக்குள் நான் வைத்த நிரல் கேட்காது. முந்தைய தொட்டியின் அளவு அதன் நினைவில் கிடக்கும், அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு, எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு பதிலைச் சொல்லிவிடும். பார்ப்பதற்குச் சரியான பதில் மாதிரியே இருக்கும். நான் வைத்த முட்களிலேயே நேர்த்தியானது அதுதான். அதைக் கீழே ஒன்பதாவது பத்தியில் விளக்கியிருந்தேன். இந்த நிரலை இப்படியே பயன்படுத்தாதீர்கள் என்று தொடங்கி, காரணத்தைச் சொல்லி, இரண்டே வரி சேர்த்துச் சரிசெய்வது எப்படி என்பது வரை எழுதியிருந்தேன். ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

பழைய பதிவுகளில் நான் கை வைப்பதில்லை. ஒரு முற்றுப்புள்ளியைக்கூட மாற்றியது கிடையாது. கற்றுக்கொள்கிறவனின் ஏடு அது, பின்னால் திருத்தினால் அதற்கு மதிப்பில்லை.

இனி என் தங்கையின் கணவரைப் பற்றி. நாற்பது படுக்கை கொண்ட குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநர். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், ஒன்றும் எழுதாது. தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது, அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். அம்மா தங்கை வீட்டோடுதான் இருக்கிறார், மாப்பிள்ளையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அங்கே.

ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டியா, மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கே புரோகிராம் எழுதிக் குடுத்திருக்கார். பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கை குலுக்கினாராம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை" என்று மாப்பிள்ளை நெளிந்தார். நெளிந்துகொண்டே மடிக்கணினியைத் திறந்துவிட்டார். "பாருங்க மச்சான். குழந்தையோட எடையைப் போட்டா எந்த மருந்து எவ்ளோன்னு அதுவே சொல்லிடும். லேபிளும் அடிச்சுக் குடுத்துடும். இதுவரைக்கும் நர்ஸுங்க பேப்பர்ல பெருக்கிப் பெருக்கிக் கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்தாங்க."

நிரலையே திறந்து காட்டினார், நான் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. கொள்ளளவு இருந்த இடத்தில் எடை இருந்தது, குளோரின் இருந்த இடத்தில் மருந்தின் பெயர். ஆனால் உள்ளே, நர்ஸ்களின் திரையில் வராத பகுதியில், மாற்ற மறந்துவிட்டார். என் தொட்டி அப்படியே தொட்டியாக இருந்தது. தொட்டி எண், தொட்டி அளவு, அடுத்த தொட்டி. அந்த மருத்துவமனையில் காய்ச்சலோடு படுத்திருந்த ஒவ்வொரு குழந்தையும் நிரலுக்கு ஒரு தொட்டி. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"எங்கே கத்துக்கிட்டீங்க மாப்ளே?"

"நானாத்தான் மச்சான், உக்காந்து யோசிச்சு யோசிச்சு."

"எடை போடாம விட்டா என்ன ஆகும்?"

"யாரு விடப்போறா? அவங்க என்ன சின்னக் குழந்தைங்களா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

நான் கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர், சாட்சிகளின் முன்னால், முள் எங்கே இருக்கிறதோ சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்டேன். இதற்கு மேல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எப்படி எச்சரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தட்டில் பரிமாறும்போது அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "நீயுந்தான் வருஷக்கணக்கா அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கே. உக்காந்தா இப்படி நாலு பேருக்குப் பிரயோஜனமா உக்காரணும்." தங்கை, "சும்மா இருங்கம்மா, அண்ணன் சாப்பிடட்டும்" என்றாள். நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டேன். என் மனம் புண்பட்டதாகவும், அதனால்தான் எல்லாம் நடந்ததாகவும் உங்கள் உதவி ஆய்வாளர் நேற்று ஒரு கதை கட்டினார். அவருடைய படிப்புக்கு அவ்வளவுதான் தோன்றும்.

ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. முள்ளின் அழகே அதுதான்.

பிறகு ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், மாப்பிள்ளை எனக்காக வாங்கி வைத்திருந்த மாத்திரைகளை எடுத்துவர மருத்துவமனைக்குப் போனேன். மருந்துச் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மாப்பிள்ளை, பக்கத்தில் கையில் லேபிளோடு ஒரு நர்ஸ். வராந்தா முழுக்கக் குழந்தைகள், ஒன்று அழுதால் எல்லாம் அழுகிற வயசு. மாப்பிள்ளை லேபிளைப் பார்த்தார், பிறகு அந்தம்மாவைப் பார்த்தார்.

"சிஸ்டர், மூணாம் படுக்கைக் குழந்தைக்கா இவ்ளோ? எடை போட்டீங்களா?"

"போட்டேனே சார். இல்ல, இருங்க. ஒரே அழுகை, தராசுலயே நிக்கல. அப்புறம் போடலாம்னு விட்டேன். ஆனா அளவு வந்துச்சே சார்."

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. லேபிளைக் கிழித்துப் போட்டார், பேப்பர் எடுத்துக் கையால் பெருக்கிப் பார்த்து, வேறு அளவு எழுதிக் கொடுத்தார். எழுதுகிற பேனா ஒன்றும் வைத்திருந்தார் போலிருக்கிறது. பிறகு வெளியே வந்து என்னை மாடிப்படிக்குப் பக்கத்தில் அழைத்துக்கொண்டு போனார்.

"மச்சான், உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வீட்ல சொல்லிடாதீங்க. அந்தப் புரோகிராம் நான் எழுதினதே இல்ல. தொட்டிக்காரன்னு ஒருத்தர் ப்ளாக் எழுதறார், அதுலேர்ந்து எடுத்தேன். பெரிய அறிவாளி மச்சான் அவர். எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, மீதியைப் படிக்காம அவசரப்பட்டுட்டேன். அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்களா, அப்புறம் வாயைத் திறக்க முடியல."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"சனிக்கிழமை லீவு போடறேன். முதல் வரியிலேர்ந்து கடைசி வரிவரைக்கும் உக்காந்து படிக்கப்போறேன். ஒண்ணு அவர் எழுதினதுல என்னமோ இருக்கணும், இல்லேன்னா நான் மாத்தினதுல கெடுத்திருக்கணும். அது தெரியறவரைக்கும் எல்லாத்தையும் கையாலயே போட்டுக்கறோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படிங்க மாப்ளே, படிச்சா தெரிஞ்சிடும் என்று சொல்லிவிட்டு, மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சொன்னபடியே சனிக்கிழமை படித்தார். கண்டுபிடிக்கவில்லை. அன்று மாலை நூற்றுப் பதினான்காம் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. அதன் அச்சுப் பிரதி உங்களிடம் இருக்கிறது: "ஐயா, வணக்கம். தங்கள் நிரலை ஒரு முக்கியமான வேலைக்குப் பயன்படுத்துகிறேன். கட்டத்தைக் காலியாக விட்டால் பழைய எண் வருகிறதோ என்று சந்தேகம். இது நிரலின் தவறா, அல்லது மாற்றும்போது நான் செய்த தவறா? தயவுசெய்து சொல்லுங்கள்."

நான் பதில் எழுதினேன்: "நிரலில் தவறு எதுவும் இல்லை. பதிவை முழுமையாகப் படிக்கவும்."

முக்கால் மணி நேரம் கழித்து, "நன்றி ஐயா. மீண்டும் படித்துவிட்டேன், தவறு என் பக்கம்தான் போலிருக்கிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதினார். மறுநாள் சாப்பாட்டின்போது மனிதருக்குப் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. அம்மா அடுக்களைக்குள் போனதும் என் காதில், "அவரே பதில் போட்டார் மச்சான். அவர் பேர்ல தப்பு இல்ல, அன்னிக்கு சிஸ்டர்தான் ஏதோ தப்பா அழுத்தியிருக்கணும். எதுக்கும் 'எடை கட்டாயம்'னு எழுதி ஒட்டிடறேன்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து நிரல் மறுபடி வார்டில் ஓட ஆரம்பித்தது. அவர் சொன்னபடி தாளும் ஒட்டினார். ஒரு வாரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். இரண்டு நர்ஸ்கள் வரவில்லை, வேறு இடத்திலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். தராசு பழுது பார்க்கப் போயிருந்தது. மாப்பிள்ளை கிடங்கில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். முந்தைய குழந்தைக்கு ஐந்து வயது, பதினெட்டுக் கிலோ. அடுத்தது நான்கு மாதம், ஐந்து கிலோகூட இருக்காது. வலிப்புக்குக் கொடுக்கிற மருந்து. கட்டம் காலி. நிரல் தயங்கவில்லை. பதினெட்டுக் கிலோவுக்கான அளவை லேபிளில் அடித்துக் கொடுத்தது. மதியம் ஒன்றரை மணிக்குக் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டது. அதன் அம்மா தையல் வேலை செய்கிறவர் என்றும், முதல் குழந்தை என்றும் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். செய்தித்தாள்காரர்களுக்கு அளவை மட்டும் சரியாகப் போட வரவில்லை. மூன்று மடங்கு என்று போட்டிருந்தார்கள். நான்கு மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு.

தங்கை போனில் கூப்பிட்டபோது நான் ஏழாவது தொட்டியில் குப்பியை இறக்கிக்கொண்டிருந்தேன். "அண்ணா, அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணா. குழந்தை செத்துப்போச்சாம், இவர் புரோகிராம்தான் காரணமாம்." எட்டிலிருந்து பன்னிரண்டு வரை முடித்துவிட்டு, பலகையில் எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். தண்ணீர் குடிக்கிறவர்களும் மனிதர்கள்தானே.

அன்றிலிருந்து பதினோரு நாள் மாப்பிள்ளை உங்கள் காவலில் இருந்தார். தொட்டிக்காரன் என்பவரைக் கேளுங்கள், அவர் தப்பு இல்லை என்று எழுதியிருக்கிறார் என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாராம். தங்கை இரண்டு முறை என் அறைக்கு வந்தாள். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமேண்ணா, அவர் வேணும்னு செய்யலைன்னு நீ வந்து சொல்லேன்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். பார்க்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா அந்தப் புரோகிராமைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

அதற்குள் உங்கள் கணினிப் பிரிவு அதிகாரி என்னைத் தேடி வந்துவிட்டார். வராவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன், என்றாவது ஒரு நாள்.

இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால் என் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. எச்சரிக்கையை எழுதி வைத்திருந்தேன், படிக்காதவர் மாட்டிக்கொண்டார், படித்தபோதும் அவருக்குப் புரியவில்லை. நீங்கள் அவசரக்காரராக இருந்தால் இங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் பழைய பதிவுகளில் ஒரு முற்றுப்புள்ளியைக்கூட மாற்றியது கிடையாது என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களோ இல்லையோ. அது உண்மை இல்லை. ஒன்றே ஒன்றில் கை வைத்தேன்.

மாப்பிள்ளை படிக்கப் போகிறேன் என்று சொன்ன புதன்கிழமைக்கும், படித்த சனிக்கிழமைக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அன்று மாலை நான்கு மணி சுற்றை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, நூற்றுப் பதினான்காம் பதிவின் ஒன்பதாவது பத்தியை எடுத்துவிட்டேன். நடுவில் ஒன்று விட்டுப்போனது தெரியாமல் இருப்பதற்காகப் பத்தாவது பத்தியின் முதல் வாக்கியத்தை மாற்றி எட்டாவதோடு ஒட்டினேன். பத்து நிமிடம் ஆனது. மாப்பிள்ளை படித்தது அந்தப் பதிவைத்தான். பதிவை முழுமையாகப் படிக்கவும் என்று நான் சொன்னதும் அந்தப் பதிவைத்தான்.

ஏன் என்று நேற்று நான்கு முறை கேட்டீர்கள். பரீட்சை முடிந்த பிறகு ஒருவன் புத்தகத்தைத் திறந்து பார்த்துத் தேறிவிடுவது நியாயமா என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து மாதம் பெருமை வாங்கித் தின்றுவிட்டு, மாட்டிக்கொள்ளப்போகிற கடைசி நிமிடத்தில், என் ஒன்பதாவது பத்தியைப் படித்து, என்னுடைய இரண்டு வரியைச் சேர்த்து, மறுபடியும் பெரிய டாக்டரிடம் கை குலுக்கிக்கொண்டு வருவார். அம்மா அதையும் எனக்குப் பரிமாறுவார். திருத்தப்பட வேண்டியவர்கள் திருந்தும் முன்னால் ஒரு முறையாவது குத்துப்பட வேண்டும். யாருக்குக் குத்தும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. எனக்குத் தெரிந்திருந்தது, குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் குத்தும் என்பது மட்டும். சன்னலுக்கு வெளியே நின்று அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு வராந்தாவில் பதினாறு பேர் இருந்தார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று என் தளத்தின் கணக்கில் பார்க்கலாம். பொதுவாக ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அந்தச் சனிக்கிழமை ஒருவர் மூன்று முறை வந்திருந்தார். முதல் முறை இருபத்தாறு நிமிடம், இரண்டாவது முப்பத்து மூன்று, மூன்றாவது நாற்பத்தொன்று. ஆறு வருடத்தில் என் பதிவில் அவ்வளவு நேரம் வேறு யாரும் இருந்ததில்லை. நான் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

வருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அந்த ஒன்பதாவது பத்திதான் நான் எழுதியதிலேயே சிறந்தது. நகல் எடுத்து வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட்டேன். உங்கள் அதிகாரி அதை மீட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். முடிந்தால் எனக்கு ஒரு பிரதி கொடுங்கள். மாப்பிள்ளைக்கும் ஒன்று கொடுங்கள். அவர் படிப்பார்.